மானாவாரி நெல் காயும்போது நாம் செய்கிற தவறுகள்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது புதிதல்ல. இப்போது மழையின் போக்குதான் மாறிவிட்டது, நாலு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் வாரக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மழை நம் கையில் இல்லை, சரி. இருக்கிற தண்ணீரை எப்போது விடுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இலை சுருண்டதுமே பதறிப்போய்ப் பண்ணைக்குட்டையை இறைத்துக் காலி செய்கிறார்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தவறு. தூர் கட்டும் (பக்கத்தில் புதுத் தண்டுகள் விடும்) பருவத்தில் மதிய வெயிலுக்கு இலை சுருளும், தண்ணீர் வீணாகாமல் இருக்கப் பயிர் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. காலையிலும் விரியாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதுகூட அடுத்த மழைக்குப் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் பொதி கட்டுவதிலிருந்து, அதாவது கதிர் இலையுறைக்குள் திரள்வதிலிருந்து, பூத்து முடியும்வரை காய்ந்தால் மகரந்தம் கெட்டுக் கதிர் வெளுத்து மணி பிடிக்காத சாவியாகிவிடும், அதன் பிறகு கண்மாயே நிரம்பினாலும் மிஞ்சுவது வைக்கோல்தான். குட்டையில் ஒரு தண்ணிக்குத்தான் இருக்கிறது என்றால் அதைப் பொதிக்கு வையுங்கள்.

விதையை மேலாகத் தூவுவது அடுத்தது. சின்னத் தூறலுக்கே முளைத்து மறுவாரமே கருகும். 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் நல்ல மழை வந்த பிறகே முளைக்கும். பயிர் வறட்சியைத் தாங்க, விதைக்கும் முன் 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (10 லிட்டருக்கு 100 கிராம்) 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் பழைய அளவுக்கு இறங்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டால் முளைப்பு போய்விடும், அதற்கு ஊறவைக்காமலே இருக்கலாம்.

டிசம்பரில் மழை ஓய்ந்துவிடும் ஊரில் 150 நாள் ரகம் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வந்த அண்ணா (ஆர்) 4 ரகம் சுமார் 100 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

களையை விட்டுவைத்தால் பயிருக்கு முன் அது தண்ணீரைக் குடித்துவிடும், முதல் ஒரு மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். யூரியாவைக் காய்ந்த மண்ணில் போடாதீர்கள். ஒரு மழை பெய்ததும் ஆசையில் மூட்டையாகக் கொட்டினால் இலைதான் தழைக்கும், அடுத்த வறட்சியில் அவ்வளவு இலையும் சேர்ந்து மண்ணில் இருக்கிற ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சிவிடும்.