கோழிப் படம் போட்ட பையில் மாடு இருக்கிறதா? நாய்த் தீனி லேபிளைப் படிக்கும் முறை

நாய்க்கு மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டால், பையின் முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். கோழிப் படமும் ‘சிக்கன்’ என்ற பெரிய எழுத்தும் சுவையைத்தான் சொல்லும். விஷயம் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடையில் வாங்கும் ஒரு பையில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: மக்காச்சோளம், கோழி மாவு, விலங்குக் கொழுப்பு, பீட் பல்ப், ஈரல் சுவையூட்டி, உப்பு. முதல் இரண்டிலும் மாடில்லை. ‘விலங்குக் கொழுப்பு’ என்றால் எந்த விலங்கு? பெயர் சொல்லாத கொழுப்பு மாட்டினுடையதாகவும் இருக்கலாம். உருக்கிய கொழுப்பில் புரதம் குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று நம்ப முடியாது. ஈரல் சுவையூட்டி அதைவிட மோசம். உருண்டைகளின் மேல் தெளிக்கும் அந்தக் கரைசலே புரதம்தான். பட்டியலின் கடைசியில் இருக்கிறதே, கொஞ்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பீட் பல்ப்பை ‘பீஃப்’ என்று படித்துப் பயப்படவும் வேண்டாம், அது கிழங்குச் சக்கை.

இறைச்சி-எலும்பு மாவு, ஜெலட்டின், பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி), பால் பவுடர், வே (திரிந்த பாலின் தெளிநீர்) ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் சேரும். லேபிள் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இருந்தால் ‘பியெஸ்’ மாடு, ‘ஃபார்க்’ பன்றி, ‘ஸ்காப்’ செம்மறி, ‘ஹூண்டர்’ கோழி.

மாட்டுக்குப் பதில் ஆடு கொடுக்கலாமே என்று பலர் மாற்றுகிறார்கள். மாடு, செம்மறி, பசும்பால் மூன்றின் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்றுக்கு அரிக்கும் நாய்க்கு மற்றதற்கும் அரிக்கலாம். ‘கூடு’ (kudu), ‘ஸ்பிரிங்பாக்’ என்னும் மான்களும் மாட்டுக் குடும்பமே. ஔட்ஸ்ஹோர்ன் பக்கம் வளர்க்கும் நெருப்புக்கோழிதான் நமக்குக் கிடைத்த நல்ல வழி: சிவப்பு இறைச்சி, ஆனால் பறவை.

பைக்கு வெளியேயும் பாருங்கள். உண்ணி மாத்திரை, பூச்சி மாத்திரைகளில் மாட்டுச் சுவை சேர்ப்பதுண்டு. சுவையூட்டாத மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பன்றிக் காது, மெல்லக் கொடுக்கும் தோல் துண்டு, பில்டாங் (உலர்த்திய இறைச்சி) துண்டு, மிஞ்சிய மோர்சாதம், நெய் வழித்த தட்டு எல்லாமே கணக்கில் வரும். வீட்டில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு ஊட்டினாலும், புதுத் தீனி மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை கெட்டுவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் பையில் ‘வி’ எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணையும் (தென்னாப்பிரிக்காவின் 1947ஆம் ஆண்டு 36ஆம் எண் தீவனச் சட்டப்படி உள்ளது) பேட்ச் எண்ணையும் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். கேள்வி மூன்று: கொழுப்பு எந்த விலங்கு? சுவையூட்டி எதிலிருந்து? அதே இயந்திரத்தில் மாட்டிறைச்சி சேர்ந்த தீனியும் ஓடுகிறதா? ‘இயற்கைச் சுவை’ என்று மழுப்பினால் அந்தப் பையை வாங்காதீர்கள்.

புதுத் தீனியைப் பழைய டப்பாவில் கொட்டாதீர்கள். சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கில் பழைய புரதம் இருக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள், அளவுக் கரண்டியையும் சேர்த்து. 8 வாரம் வேறெதுவும் கொடுக்காமல் பார்த்து, அரிப்பு அடங்கியபின் டாக்டர் சொல்படி பழைய தீனியைத் திரும்பக் கொடுங்கள். பெரும்பாலும் 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும்; திரும்பினால் குற்றம் அந்தத் தீனியில்தான்.