ஈரம் ஏறும் நிலக்கீழறைக்கு ஏற்ற தரை எது?

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்கும் நம்மவர்களில் பலர் நிலக்கீழறையைத் திருத்தி, பெற்றோரை அங்கே குடியிருத்துகிறார்கள் அல்லது வாடகைக்கு விடுகிறார்கள். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றரும், 2024 ஜூலை 16 அன்று ஏறத்தாழ 98 மில்லிமீற்றரும் மழை கொட்டியபோது, நகரெங்கும் பல நிலக்கீழறைகளில் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் எப்போதாவதுதான் வரும். கொங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மண்ணின் ஈரமோ நாள்தோறும் மேலேறிக்கொண்டிருக்கும். ஆகவே தண்ணீர் பட்டால் கெடாத தரை எது என்று கடையில் விசாரிப்பதற்கு முன்பாக, தரைக்கு அடியில் சேரும் ஈரம் எந்த வழியாக உலர்ந்து வெளியேறும் என்பதை நாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். ஏறத்தாழ 18 அங்குலச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெறும் கொங்கிரீட்டின் மீது விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் நின்றாலோ கொங்கிரீட் கறுத்துப்போனாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கத்தில் துளிகள் இருந்தால் அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்த தரையில் படிகிறது. சுவரோரத்தில் வெண்மையாக உப்புப் பூத்திருப்பதும் நீர் ஊறி வந்ததற்கு அடையாளமாகும். பனிக்காலத்தில் காய்ந்து காணப்படும் தரை, பனி உருகும் காலத்தில் வேறுவிதமாக இருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனையை வசந்தத்திலும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. காற்றின் ஈரமே காரணம் என்றால், கோடையில் நிலக்கீழறையின் யன்னல்களைத் திறந்துவைப்பது ஈரத்தைக் கூட்டவே செய்யும். யன்னல்களை மூடி, டீஹியூமிடிஃபையர் இயந்திரத்தால் காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஓடி வந்து தேங்கும் வீடானால், தரைக்குச் செலவழிக்க எண்ணிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் வெளியே செலவிடுங்கள். கூரைநீர்க் குழாயின் வாய் அத்திவாரத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். சுவரைச் சுற்றியுள்ள மண் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். கழிவுநீர் திரும்பி வராதபடி தடுக்கும் வால்வையும், ஊற்றுநீரை இறைக்கும் பம்பையும் பொருத்துவதற்கு ரொறன்ரோ மாநகரம் மானியம் வழங்குகிறது. இவற்றைச் செய்யாமல் விலையுயர்ந்த தரையை விரிப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய தரையைப் பெயர்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ஸ்காபரோ வீடுகளில் 9 அங்குலச் சதுர வினைல் டைல்கள் காணப்பட்டால், அவற்றிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். ஆய்வுகூடத்தில் சோதித்து முடிவு தெரியும்வரை அவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

லாமினேட் தரையின் உட்பகுதி அழுத்தப்பட்ட மரத்தூள் நாரால் ஆனது. ஓரங்களில் நீர் இறங்கினால் உப்பிவிடும், உலர்ந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது. மரப்பலகைத் தரையும் இத்தகைய அறைக்கு ஏற்றதன்று. சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டப்படும் கம்பளம் கால்களுக்கு இதமாக இருந்தாலும், நனைந்த கம்பளத்திலும் அதன் அடிமெத்தையிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடலாம். கழிவுநீர் பட்டதென்றால் வீசியே ஆக வேண்டும். கம்பளம் இல்லாமல் முடியாது என்பவர்கள், தூக்கி உலர்த்தக்கூடிய தனி விரிப்பை வைத்துக்கொள்ளலாம்.

பலருக்கும் பொருந்துவது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கெட்டியான வினைல் பலகை. கற்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த நடுப்பகுதி கொண்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பலகை நீரால் கெடாது என்பது உண்மைதான்; ஆனால் அதன் கீழே சிக்கிய நீர் தானாக உலராது, மணக்கத் தொடங்கும். எனவே பசையிட்டு ஒட்டாமல், பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் பூட்டித் தரைமேல் கிடத்தும் மிதக்கும் முறையிலேயே பதியுங்கள். கழிவுநீர் கலவாத தண்ணீர் புகுந்தால் பலகைகளைக் கழற்றி, கொங்கிரீட்டை உலர்த்தி, மீண்டும் பூட்டலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 அடி நீளத்தில் ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்குக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக்கூடாது என்கிறார்கள்; அதைக் கவனிக்காவிட்டால் பூட்டுகள் உடைந்துபோகும்.

வினைலுக்கு அடியில், புடைப்புகள் கொண்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மரப்பலகைத் துண்டுகளைப் பதிக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் புடைப்புகளுக்கிடையே காற்று நிற்பதால் பாதம் குளிராது, கொங்கிரீட்டிலிருந்து ஏறும் ஈரம் பலகையைத் தொடாது. ஆயினும் தண்ணீர் உள்ளே ஓடி வந்தால் அந்த மரமே ஊறிவிடும். தரையும் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும். ஆதலால் வெள்ளம் கண்ட வீட்டுக்கு நான் இதைச் சொல்வதில்லை. வெறும் ஈரக்கசிவு உள்ள வீட்டுக்கே சொல்வேன்.

அடிக்கடி நீர் காணும் வீட்டில் போர்சிலின் டைலே உறுதியானது. அது தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. கொங்கிரீட்டில் வெடிப்பு இருந்தால், டைலையும் கொங்கிரீட்டையும் ஒட்டவிடாமல் பிரித்துவைக்கும் பிரிப்புத்தாள் ஒன்றை டைலுக்குக் கீழே விரித்தால்தான் அந்த வெடிப்பு மேலே தொடராது. டைல் பனிக்காலத்தில் குளிரும் என்பதால், முதியவர்கள் தங்கும் அறையில் டைலுக்கு அடியில் மின்சூடாக்கும் கம்பி பதிப்பது நல்லது. கொங்கிரீட்டின் மேல் பூசும் எபொக்சி மலிவாகத் தோன்றினாலும், அடியிலிருந்து நீர் அழுத்தும் இடங்களில் கொப்புளித்து உரிந்துவிடும்.

எந்தத் தரையைத் தேர்ந்தாலும், சுவரின் ஜிப்சம் பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும். சுவரும் தரையும் சேரும் ஓரத்தை மறைக்கும் அடிச்சட்டம் மரத்தூளால் அன்றி பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கட்டும். தரையிலுள்ள வடிகால் துளையையும் தடுப்பு வால்வின் மூடியையும் ஒருபோதும் மூடிப் பதிக்க விடாதீர்கள். வேலை தொடங்கும் நாளிலேயே அவற்றின் இடத்தை வேலையாளுக்குக் காட்டி, மேலே கழற்றக்கூடிய மூடி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.