மழைக்காலத்தில் சென்னை: பெட்டியில் எதை வைப்பது?

குளிர் நாடுகளில் இருந்துகொண்டு டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை போகிற நாம் பெட்டி கட்டும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கே பெய்வது குளிர் மழை இல்லை. மழைக்காலத்திலும் பகலில் 29, 30 டிகிரி இருக்கும், இரவில் 21, 22க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. காலையில் கொட்டித் தீர்த்துவிட்டு மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும். நனைந்தால் நடுங்கப் போவதில்லை. நனைந்த துணி காயாது, அதுதான் பாடு.

நான் ஒருமுறை நான்கு ஜீன்ஸோடு போய் இறங்கினேன். துவைத்துப் போட்ட முதல் ஜீன்ஸ் மொட்டை மாடிக் கொடிக்கும் ஹாலில் இருந்த நாற்காலிக்குமாக மூன்று நாள் அலைந்தது. கால் பகுதி காய்ந்த மாதிரி இருக்கும், பாக்கெட்டுக்குள் கைவிட்டால் ஈரம். அம்மா அதை உள்வெளியாகத் திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே விரித்தார். அப்படியும் அந்த முடை நாற்றம் போகவில்லை. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு துணியை எடுத்து வைக்கும்முன் அது ஒரே ராத்திரியில் ஃபேன் காற்றில் காயுமா என்று பாருங்கள். மெல்லிய பருத்திச் சட்டை, குர்தா, லெகிங்ஸ் எல்லாம் காய்ந்துவிடும். இறுக்கமாக நெய்த கனத்த பருத்தி காயாது. தடித்த டவலுக்குப் பதில் இரண்டு துண்டு போதும். உள்ளாடை மட்டும் கணக்குப் பார்க்காமல் கூடுதலாக வையுங்கள். முழுக்கை வைத்த வெளிர் நிற உடை நாலைந்து இருக்கட்டும். மழை விட்டதும் கொசு வரும், டெங்கு பரப்பும் கொசு பகலிலேயே கடிக்கும்.

செருப்பு விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஷூ நனைந்தால் அந்தப் பயணத்துக்கு அதோடு சரி. ஹவாய் செருப்பு போட்டு நடந்தால் பேண்டின் பின்பக்கம் முழுக்கச் சேறு தெறிக்கும், தேங்கிய தண்ணீரில் காலைவிட்டுக் கழன்று மிதந்தும் போகும். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த ரப்பர் செருப்புதான் சரி. காலில் கீறல் இருந்தால் தெருத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. தவிர்க்க முடியாமல் இறங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

குடையை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கேயே வாங்கலாம். ரெயின்கோட் பைக்கில் போகிறவர்களுக்குத்தான். நடந்து போகும்போது அதைப் போட்டால் மழையில் நனைவதைவிட வியர்வையில் அதிகம் நனைவோம்.

கார்த்திகைக் கல்யாணம் இருந்தால் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறாதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போய் மண்டபத்தில் கட்டிக்கொள்வது நல்லது. கழற்றியதும் மடிக்காமல் ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை கறுக்கும். மார்கழிக் கச்சேரிக்குப் போகிறீர்களா? ஒரு சால்வை வேண்டும். நான் சென்னையில் குளிரில் நடுங்கியது அரை ஈரச் சட்டையோடு சபா ஏசியில் உட்கார்ந்தபோது மட்டும்தான்.

அப்புறம், நாம் போட்டுக்கொண்டு கிளம்பும் குளிர் கோட். அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. பீரோவில் திணித்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியே ஆணியில் தொங்கட்டும், திரும்பும்போது கைப்பையில் மேலாக வையுங்கள். கடைசித் துவையலை விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு நனைகிற துணியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு, வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதைப் பிரியுங்கள்.