மண் வடிகட்டிச் சட்டிக்கு வெள்ளி பூசும் முறை

குடிநீரை வடிகட்டும் மண்சட்டி கெட்டதாக இருந்தால், வெள்ளி அதை நல்ல சட்டியாக்காது. வேலையைத் தொடங்கும் முன் இதை மனதில் வையுங்கள். களிமண்ணில் உமியோ மரத்தூளோ கலந்து 850–900 டிகிரி சூட்டில் சுட்டால், உமி எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். கலங்கலையும் பெரும்பாலான கிருமிகளையும் தடுப்பது அந்தத் துளைகள்தான். துளையில் மாட்டிய கிருமி அங்கேயே பெருகாமல் பார்ப்பதும், தப்பி வருவதைக் கொல்வதும் வெள்ளியின் வேலை. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 1981-இல் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் உருவாக்கிய முறை இது. நெல்லைச் சீமையில் காருகுறிச்சியில் மண்பாண்டத் தொழில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கத்து மில்களில் உமி கிடைக்கிறது. இந்தச் சட்டி நம் பக்கத்தில் செய்யமுடியாத பொருள் அல்ல.

ஒவ்வொரு சூளைக்கும் ஒரு சட்டியை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் நடுவில் கறுப்பு இருந்தால் உமி முழுசாக எரியவில்லை. அந்தச் சூளைச் சட்டிகளில் தண்ணீர் சரியாக இறங்காது. நன்றாக வெந்தவற்றை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். மொத்தை ஓசை வந்தால் எங்கோ விரிசல்.

தேறியவற்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு வெறுஞ்சட்டியை, வாய் மேலே இருக்க, விளிம்பு வரை தண்ணீருக்குள் 10 விநாடி அழுத்திப் பிடித்து உள்பக்கம் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் முத்துமுத்தாக நீர் கோத்தால் அங்கே விரிசல் இருக்கிறது. அதுவும் சரியென்றால் விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் கீழே சேர்வதை அளவுக்குவளையால் அளக்கவும். 7–8 லிட்டர் பிடிக்கும் சட்டியில் 1 முதல் 3 லிட்டர் வரை இறங்கலாம். 3-க்கு மேல் போனால் துளை பெரிது, கிருமியும் சேர்ந்து இறங்கும். அந்தச் சட்டியைப் பூந்தொட்டியாக்குங்கள். வெள்ளி பூசிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். சோதனை முடிந்ததும் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரச்சட்டி வெள்ளிக் கரைசலை உறிஞ்சாது. பங்குனி, சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

இனி வெள்ளி. ஒரு சட்டிக்குத் தேவை சுமார் 64 மில்லிகிராம். 3.2 சதவீதக் கொலாய்டல் சில்வர், அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் தண்ணீரில் கலந்து நிற்கும் கூழ்ம வெள்ளி, என்றால் 2 மில்லி. 1 சதவீதம் என்றால் 6.4 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து, மொத்தம் 300 மில்லி வரும்படி தண்ணீர் சேர்க்கவும். சத்துமருந்து என்ற பேரில் விற்கும் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) பாட்டில்கள் இதற்கு உதவாது. அதில் 64 மில்லிகிராம் எடுக்க 3.2 லிட்டர் வேண்டும். கம்பியும் பேட்டரியும் வைத்து வீட்டிலேயே தயாரித்த கரைசலும் வேண்டாம். அதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு தோலைக் கறுப்பாக்கும், கண்ணைக் கெடுக்கும், சட்டியிலிருந்து கூடுதலாகக் கசியும். வீட்டு வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

நம் சீமையில் பெரும்பாலும் சறுக்குவது கலக்கும் தண்ணீரில்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரில் குளோரைடு உண்டு. வெள்ளி அதனோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகும், அல்லது கூழ்மத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இளம்பழுப்பாக இருக்கவேண்டிய கரைசல் சாம்பல் நிறமாகி அடியில் படிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பேட்டரி கடையில் வாங்கினால் அது ஆசிட் அல்ல என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கலக்குவது கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும், உலோகப் பாத்திரம் ஆகாது. மூலக்கரைசலை வெளிச்சம் படாத பாட்டிலில் வையுங்கள்.

கையுறை போட்டு, இதற்கென்றே வைத்த மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே 200 மில்லி, வெளியே 100 மில்லி பூசவும். ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் தேங்கி, பக்கச்சுவருக்கு ஒன்றும் சேராது. பூச்சை ஓடு குடித்ததும் அடுத்த பூச்சு. உள்பக்க அடியும் மூலையும் விட்டுப்போகக் கூடாது. நிழலில் காயவிட்டு, முதல் 3 நிரப்புத் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டுங்கள். ஒட்டாத வெள்ளி அதில் போய்விடும். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரம்.

பூசிய சட்டியில் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளோரின் வெள்ளியைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். வாசம் போகும் வரை திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகு ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தாமிரபரணி கலங்கும்போது, தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்சுவரில் உரசி, வண்டலைத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் சட்டி அடைத்துக்கொண்டு சொட்டு சொட்டாகத்தான் இறங்கும். அடைத்தால் வடிகட்டிய தண்ணீரால் மெல்லிய பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். சோப்பு, புளி, எலுமிச்சை, கல்லுப்பு எதுவும் படக்கூடாது.

உப்பும் புளோரைடும் இந்தச் சட்டியில் நிற்காது, வைரஸும் முழுதாக நிற்காது. உப்புத் தண்ணீர் ஊரில் மழைநீரைச் சேமித்து இதில் ஊற்றுவது நல்ல வழி.

வேலை செய்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் வடிந்த நீரைப் பிடித்து 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம். உடனே சட்டியைக் குறை சொல்லாமல் வடிந்த நீர் சேரும் கீழ்ப்பாத்திரத்தையும் அதன் குழாயையும் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி சோதியுங்கள். சட்டியைத் தரையில் வைத்து எடுத்த கையாலேயே மறுபடி பொருத்துவதால்தான் பல வீடுகளில் கீழ்ப்பாத்திரம் கெடுகிறது. இரண்டாவது தடவையும் கறுத்தால் சட்டியை மாற்றுங்கள்.