கொறங்காட்டுக் கிளுவை வேலியை மீட்பது எப்படி?

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு விட்டுச்சென்ற கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், வேலி பல இடங்களில் செத்துக்கிடந்தது. கம்பிவேலி போட்டுவிடலாம் என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் ஒப்பவில்லை. தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவைச் செடியால் உயிர்வேலி என்று இருந்தால்தான் அது கொறங்காடு. மானாவாரி மண்ணில் காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த அமைப்பில்தான்.

முதலில் எல்லைக்கல்லைச் சரிபார்த்துவிட்டு, வேலியில் புகுந்த சீமைக்கருவேலைத் தூரோடு தோண்டி எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

பங்குனி கடைசியில், கிளுவை இலையில்லாமல் நிற்கும்போது 4 அடி நீளத்துக்குப் போத்து (நடுவதற்கான கிளைக்குச்சி) வெட்டுங்கள். கைரம்பம்தான் நல்லது. அரிவாள் வெட்டில் பட்டை பிளந்து, அங்கிருந்தே அழுகத் தொடங்கும். வெட்டியதுமே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தடவி அடையாளம் வையுங்கள். இலையில்லாத குச்சியில் தலை எது, அடி எது என்று பிறகு தெரியாது.

நான் தவறியது அடுத்த கட்டத்தில். முதல் வருடம் வெட்டிய அன்றே நட்டு, தினமும் குழாயில் தண்ணீர் விட்டேன். பெரும்பாலானவை அடியில் அழுகிவிட்டன. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் பார்த்துவிட்டு, "ஈரம் வத்தட்டும் கண்ணு, அப்பறம் நட்டுக்கலாம்" என்றார். மறுவருடம் போத்துகளை ஒரு வாரம் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டேன். தண்ணீரே விடவில்லை, கோடை மழை பார்த்துக்கொண்டது. கடப்பாரையால் 1 அடிக்குக் குழி போட்டு இறக்கி, மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும்.

அந்தப் பெரியவர் கூடவே நடந்து, ஒவ்வொரு காட்டுக்கும் பழைய பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் அவை தெரியாது. அலைபேசியில் பதிவு செய்து, புல வரைபட நகலில் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்து நட்டவர்களில், துளிரை ஆடு தின்றுவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். கிளுவைத் தழை ஆட்டுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வருடமாவது வெளிப்பக்கம் காய்ந்த வெள்வேல் முள்ளைப் போட்டு வையுங்கள். இன்னொருவர், துளிர்த்த போத்து ஏன் காய்ந்தது என்று கேட்டார். முதல் துளிர் கட்டையில் இருக்கும் சத்திலேயே வந்துவிடும். வேர் பிடிக்கப் பின்னும் நாளாகும். அதுவரை ஆட்டிப் பார்க்காதீர்கள், இளவேர் அறுந்துவிடும்.