‘தயால்’ என்ற சொல்லைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு வேதியியல் பிரத்தியேக வகுப்பு நடத்தும் எனக்கு, கந்தகச் சேர்மங்களின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதே தனி வேலையாக இருக்கிறது. அவற்றுள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘தயால்’ என்ற சொல்.

துர்நாற்றம் வீசும் கந்தகப் பொருள் எதுவாயினும் அதைத் தயால் என்று சொல்லிவிடுவதுதான் முதன்மையான தவறு. தயால் என்பது மணத்தின் பெயரன்று, அமைப்பின் பெயர். கரிம மூலக்கூறு ஒன்றின் கார்பன் அணுவோடு ஒரு கந்தக அணுவும், அந்தக் கந்தகத்தோடு ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்திருந்தால் மட்டுமே அது தயால். அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடில் கார்பனே இல்லாததால் அது தயால் ஆகாது. பெருங்காயத்தின் மணத்தில் முன்னிற்பவை டைசல்ஃபைடுகள். அவற்றில் இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன, அங்கே ஹைட்ரஜனுக்கு இடமில்லை. நம் சந்தைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பெத்தாய் என்னும் நாறும் அவரைக்காயின் மணமும் பெரும்பாலும் வளையமாக இணைந்த பல்சல்ஃபைடுகளிலிருந்து வருவதே. இவற்றுள் டுரியான் பழத்தில் மட்டும் உண்மையிலேயே தயால் இருக்கிறது. அதன் மணத்துக்கு முக்கியமான சேர்மம் ஒன்றில் ஒரு தயால் தொகுதியும், இரு கார்பன் அணுக்களுக்கு நடுவே கந்தகம் நிற்கும் ஒரு சல்ஃபைடு இணைப்பும் ஒரே மூலக்கூறில் அமைந்திருப்பதால், இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சமையல் எரிவாயு தோம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எரிவாயுவே நாறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் குறிப்பிடத்தக்க மணம் கிடையாது. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தேன்தயாலை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றில் நூறு கோடி பங்கில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

அடுத்தது ‘மெர்காப்டன்’ என்ற பழைய பெயர். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண் ஒருவர், கைகளில் தடிப்பு ஏற்பட்டுத் தோல் சோதனை செய்துகொண்டபோது, அறிக்கையில் ‘மெர்காப்டோ’ என்ற சொல்லைப் பார்த்து, தம் உடலில் பாதரசம் ஏறிவிட்டதாக அஞ்சிப் பல இரவுகள் தூங்காமல் இருந்தார். அந்தச் சொல்லில் பாதரசத்தின் பெயர் ஒளிந்திருப்பது மெய்தான். ஆனால் பொருளில் பாதரசம் இல்லை. இச்சேர்மங்கள் பாதரசத்தை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்ட டென்மார்க் வேதியியலாளர் சைசா, ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து 1830களில் இப்பெயரை அமைத்தார். உறவினரின் தோலைத் தாக்கியது, பால்மரத்துப் பாலைப் பதப்படுத்தும்போது கந்தக இணைப்பை விரைவுபடுத்தச் சேர்க்கப்படும் மெர்காப்டோபென்சோதயசோல். அந்தப் பெயரும் முழுக்க நம்பத்தக்கதன்று; அச்சேர்மம் பெரும்பாலும் கந்தகம் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ‘தயோன்’ வடிவிலேயே இருக்கிறது. ‘மெர்காப்டோ’ என்ற முன்னொட்டை 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பெயரீட்டுப் பரிந்துரைகள் கைவிட்டு, அதனிடத்தில் ‘சல்ஃபனைல்’ என்பதை வைத்துள்ளன. புதிதாக எழுதுவோர் அதையே பின்பற்றுவது நல்லது.

‘தயோ’ என்று தொடங்குவதெல்லாம் தயால் என்று எண்ணுவதும் பிழை. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் அமர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த முன்னொட்டு சொல்கிறது. எஸ்.பி.எம். எனப்படும் மலேசிய இடைநிலைப் பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தாளில் பெருக்கல் குறியிட்டு, அது கண்ணுக்கு மறையும் நேரத்தை அளக்கும் சோதனையில் பயன்படும் சோடியம் தயோசல்ஃபேட், சல்ஃபேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் புகுந்த உப்பே தவிர, தயால் அன்று.

ஆல்கஹாலின் ஆக்சிஜனைக் கந்தகமாக மாற்றினால் தயால் கிடைக்கும் என்ற ஒப்புமை பெயரளவில் சரி. அதைப் பண்புகளுக்கும் நீட்டினால் தவறாகிவிடும். எத்தனால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. அதைவிடக் கனமான எத்தேன்தயாலோ கோலாலம்பூரின் நண்பகல் வெப்பத்தைச் சற்றே தாண்டிய 35 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஏனெனில் கந்தகத்தின் வழியே அமையும் ஹைட்ரஜன் பிணைப்பு மிகவும் வலுக்குறைந்தது. அமிலத்தன்மையிலோ தயால்தான் ஆல்கஹாலை விஞ்சுகிறது.

இறுதியாக எழுத்து. மலாயில் ‘தியோல்’ என்று ஒலிப்பதைக் கேட்டுப் பழகிய நம் மாணவர்கள் அப்படியே எழுதுகிறார்கள். அதை நான் பிழை என்று அடிப்பதில்லை. ஒரே விடைத்தாளில் இரு வடிவங்களையும் கலப்பதைத்தான் ஏற்பதில்லை. ஆனால் ‘எத்தனால்’ என்பதன் நெடில் குறுகி ‘எத்தனல்’ ஆகும்போது ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாறுவதுபோலவே, ‘தயால்’ என்பது ‘தயல்’ ஆனால் வேறொரு சேர்மக் குடும்பமாகிவிடும். வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கரிக்கச் செய்வது அந்தத் தயல் குடும்பத்தின் ஓர் ஆக்சைடு. சல்ஃபைடு, சல்ஃபைட்டு என்ற இணையிலும் இதே கவனம் தேவை: முன்னதில் ஆக்சிஜன் இல்லை, பின்னதில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. தமிழில் இரண்டையும் ‘சல்பைட்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் எதைக் கொள்வது?