இறக்கத்தில் மட்டும் கறுத்த கால்விரல் நகம்

நெடுந்தூர ஓட்டப் பயிற்சிக்காகக் கொல்லிமலையின் ஒற்றையடிப் பாதைகளைத் தேடி ஓடிய வாரம் முழுவதும் கட்டைவிரல் நகம் கறுத்து வலித்தது. ஏற்றத்திலும் சமதளத்திலும் தொல்லையில்லை. இறங்கும்போது மட்டுமே நகம் காலணியின் முனையில் இடித்தது. நகத்தை ஒட்ட வெட்டியும் பயனில்லை. அரை அளவு பெரிய காலணியில் பாதம் இன்னும் அதிகமாகச் சறுக்கியது. தடித்த காலுறையால் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். லேஸை முழுவதுமாக இறுக்கினால் புறங்கால் மரத்துப்போனது.

காலுறையைத் துவைக்கும்போதுதான், விரல்முனையைவிடக் குதிகால் பகுதி தேய்ந்து நூல் தெரிவதைக் கவனித்தேன். அப்படியானால் முன்புறத்தில் இடம் போதாமை அல்ல, குதிகால் பிடிப்பின்றி நழுவுவதே காரணம். பெரும்பாலான ஓட்டக் காலணிகளில் கணுக்காலை ஒட்டி, மற்ற துளைகளின் வரிசையிலிருந்து சற்று விலகி, பலரும் லேஸ் கோக்காமலே விட்டுவிடும் கூடுதல் துளை ஒன்று இருபுறமும் இருக்கும். லேஸ் நுனியை அதே பக்கத்துத் துளைக்குள் வெளியிலிருந்து விட்டுச் சிறு வளையமாக்கி, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்தினூடே நுழைத்து, குதிகாலை நோக்கிக் கீழே இழுத்து முடிச்சிட்டேன். விரல்பக்க லேஸைத் தளர்வாகவே விட்டேன். அடுத்த இறக்கத்தில் குதிகால் அசையவில்லை, நகமும் இடிக்கவில்லை. கறுத்த நகம் முழுதாக வளர்ந்து மாற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நிம்மதியாக ஓட அது தடையில்லை.